ஈஸ்ட்டுக்குத் தாமிரம் கொடுத்துப் பார்ப்பது எப்படி? உலோக நச்சுச் சோதனை தொடங்குவோருக்கு

எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கோ ஆய்வுப் படிப்பின் முதல் ஆண்டுக்கோ "ஈஸ்ட்டில் உலோக நச்சு" என்று ஒரு தலைப்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்த உலோகம், எவ்வளவு, எதில் கலப்பது, எதைப் பார்த்து முடிவு சொல்வது என்பதையெல்லாம் யாரும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. அப்படி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அகார் ஊற்றுவது, கிருமி கலக்காமல் வேலை செய்வது, பிப்பெட் பிடிப்பது ஆகியவை பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் பல இடங்களில் இது மறுபடி வரும். நீங்கள் ஊடகத்தில் சேர்க்கும் உலோகத்தின் அளவு வேறு, செல் உண்மையில் எதிர்கொள்ளும் அளவு வேறு. ஒரே சோதனை இன்று ஒரு மாதிரியும் அடுத்த வாரம் வேறு மாதிரியும் வருகிறது என்றால், ஈஸ்ட்டைச் சந்தேகப்படுவதற்கு முன் இந்த இடைவெளியைச் சந்தேகப்படுங்கள்.

ஏன் தாமிரம்?

பலரும் காட்மியத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். தலைப்பில் "நச்சு" என்று இருப்பதால் அதுதான் பொருத்தமாகத் தோன்றுகிறது. நான் வேண்டாம் என்பேன். காட்மியம், ஆர்சனிக், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மூன்றும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதி செய்யப்பட்டு, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் பிரிவில் இருப்பவை. தூளை எடைபோடும்போது காற்றில் பறந்தாலே ஆபத்து. கை பழகாத நாட்களில் அதைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

தாமிரத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. காட்மியத்தால் ஈஸ்ட்டுக்கு எந்தப் பயனும் இல்லை. தாமிரமோ குறைந்தாலும் செல் திணறும், அளவுக்கு மீறினாலும் திணறும். மைட்டோகாண்ட்ரியாவில் மூச்சுச் சங்கிலியின் கடைசி நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸுக்குத் தாமிரம் வேண்டும். ஆக்ஸிஜன் நச்சிலிருந்து காக்கும் சாட்1 நொதிக்கும் வேண்டும். அதனால் செல்லிடம் தாமிரத்தை உள்ளே கொண்டுவரும் ஏற்பாடும் இருக்கிறது, கட்டிப்போடும் ஏற்பாடும் இருக்கிறது. இரண்டையும் ஒரே சோதனையில் பார்க்கலாம். மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) மலிவாகவும் கிடைக்கும். ஆனால் ஆய்வுக்குக் கடைத் துத்தம் போதாது, பகுப்பாய்வுத் தரம் வாங்குங்கள்.

கை வைப்பதற்கு முன்: செல்லுக்குள் நடப்பது

இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். தாமிரம் கலந்த அகார் தட்டில் ஈஸ்ட்டைச் சிறு துளிகளாக, அதாவது புள்ளிகளாக, வைத்து வளரவிடுவதுதான் நாம் செய்யப்போகும் சோதனை. அந்தத் தட்டில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறது.

ஊடகத்தில் தாமிரம் இரண்டு மின்னேற்றம் கொண்ட அயனியாக இருக்கும். செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் எஃப்ஆர்இ1 என்ற நொதி அதை ஒற்றை மின்னேற்றத்துக்கு ஒடுக்குகிறது. அப்புறம் சிடிஆர்1 என்ற கடத்தி அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. தாமிரம் குறைவாக இருக்கும்போது இந்த இரண்டு மரபணுக்களையும் முடுக்கிவிடுவது மேக்1 என்ற புரதம். தாமிரம் கூடினால் மேக்1 செயலிழக்கும், சவ்வில் இருக்கும் சிடிஆர்1 உள்ளே இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படும். அதாவது, முதல் தற்காப்பு கதவைச் சாத்துவதுதான்.

சாத்தினாலும் உள்ளே வந்தது வந்ததுதான். கட்டற்ற தாமிரம் செல்லுக்குள் என்ன செய்யும்? புரதங்களின் சிஸ்டீன் கந்தகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இரும்பு-கந்தகத் தொகுதி கொண்ட நொதிகளில் இரும்பைத் தள்ளிவிட்டு உட்காரும். ஒற்றை மின்னேற்றத்துக்கும் இரட்டை மின்னேற்றத்துக்கும் மாறி மாறிப் போய்வருவதால், ஆக்ஸிஜனிலிருந்து தீவிர மூலக்கூறுகளையும் பிறப்பிக்கும்.

இங்கேதான் ஏஸ்1 வருகிறது. ஒற்றை மின்னேற்றத் தாமிர அயனிகள் நான்கு இந்தப் புரதத்தின் சிஸ்டீன்களோடு ஒரு கொத்தாகச் சேர்ந்தால், அதுவரை உருவமற்றுக் கிடந்த பகுதி மடிந்து சரியான வடிவம் பெறும். வடிவம் வந்தால்தான் அது டிஎன்ஏவைப் பிடிக்க முடியும். உணரும் கருவியும் கட்டளையிடும் கருவியும் ஒரே புரதம், நடுவில் தூதர் யாரும் இல்லை. அதனால்தான் தாமிரம் சேர்த்த சில நிமிடங்களிலேயே பதில் கிளம்பிவிடுகிறது.

ஏஸ்1 எழுப்பும் முக்கியமான மரபணு கப்1. அது தரும் புரதம் மிகச் சிறியது: 61 அமினோ அமிலங்கள், முதல் 8 வெட்டப்பட்டு 53 எஞ்சும். அந்த 53-இல் 12 சிஸ்டீன். ஒரு மூலக்கூறு ஏழெட்டுத் தாமிர அயனிகளைத் தன் கந்தகங்களுக்கு நடுவே இறுகப் பிடித்துவைக்கும். பிடிபட்ட தாமிரத்தால் தீங்கு இல்லை. இவ்வகைப் புரதங்களுக்கு மெட்டலோதயோனின் என்று பெயர்.

கப்1 பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, எட்டாம் குரோமோசோமில் இந்த மரபணு ஒன்றன் பின் ஒன்றாகப் பல பிரதிகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. பிரதிகள் கூடக் கூடத் தாமிரத்தைத் தாங்கும் திறனும் கூடுகிறது என்று சீமோர் ஃபோகலும் ஜூலியட் வெல்ச்சும் 1982-இல் காட்டினார்கள். ஆய்வக ஸ்ட்ரெய்ன்களிலேயே (ஒரே இன ஈஸ்ட்டின் தனித்தனி மரபு வழிகள்) பிரதி எண்ணிக்கை ஒன்றுக்கொன்று மாறும். அதனால் "ஈஸ்ட் இத்தனை மில்லிமோலார் தாமிரத்தைத் தாங்கும்" என்று எங்காவது ஒற்றை எண்ணைப் படித்தால், எந்த ஸ்ட்ரெய்ன், எந்த ஊடகம் என்று கேட்காமல் நம்ப வேண்டாம்.

திராட்சைத் தோட்டத்து ஈஸ்ட்டுகளில் இது இன்னும் சுவையான கதை. 1885-இல் பிரான்சில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தைத் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்குப் பரிந்துரைத்தார். போர்டோக் கலவை என்று நம் ஊர் விவசாயிகளும் அறிந்த அதே மருந்து. அன்றிலிருந்து தாமிரம் தெளித்த பழத்தில் வாழப் பழகிய ஒயின் ஈஸ்ட்டுகளில் பலவற்றுக்குக் கப்1 பிரதிகள் அதிகம். உங்கள் ஆய்வகத்தில் ஒயின் ஸ்ட்ரெய்ன் ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் புள்ளியிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிய வாய்ப்பு உண்டு.

முதல் படி: ஸ்ட்ரெய்ன் தேர்வு

சாதாரணமாகக் கையில் இருப்பது பிஒய்4741. ஈஸ்ட் நீக்கத் தொகுப்பில் ஒவ்வொரு மரபணுவாக நீக்கிய ஸ்ட்ரெய்ன்கள் இதை அடிப்படையாகக் கொண்டவை என்பதால் ஒப்பிட வசதி. ஆனால் இதில் மெட்15 மரபணு இல்லை. அந்த நொதி இல்லாத செல்லில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கும். உலோகம் கலந்த தட்டில் அது உலோக சல்ஃபைடாக மாறிக் காலனியைக் கறுக்க வைக்கும். ஈய நைட்ரேட் கலந்த தட்டில் மெட்15 இல்லாத காலனிகள் கரும்பழுப்பாக வருவதை வைத்தே அந்த மரபணுவை அடையாளம் காணும் பழைய முறை ஒன்று உண்டு. கந்தகம் முக்கியப் பங்கு வகிக்கும் எந்த உலோகச் சோதனைக்கும் இது ஒரு குழப்பம். அதனால் முடிந்தால் மெட்15 முழுதாக உள்ள பிஒய்4742-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் நீக்கத் தொகுப்பு இருக்கிறது.

ஒரு சாதாரண ஸ்ட்ரெய்ன் மட்டும் வைத்துச் சோதனை செய்தால் தட்டில் உள்ள தாமிரம் வேலை செய்கிறதா என்றே தெரியாது. கண்டிப்பாகச் சாகும் என்று தெரிந்த ஒன்று பக்கத்தில் வேண்டும். கப்1 நீக்கிய ஸ்ட்ரெய்ன்தான் உடனே நினைவுக்கு வரும், ஆனால் பல பிரதிகள் வரிசையாக இருப்பதால் அதை ஒரே வீச்சில் நீக்குவது எளிதல்ல. ஏஸ்1 நீக்கியதை எடுங்கள். கட்டளையே போகாததால் பிரதிகள் எத்தனை இருந்தாலும் போதிய அளவு எழும்பாது. தரவுத்தளத்திலும் தொகுப்புப் பட்டியலிலும் இது கப்2 என்ற பெயரில் இருக்கும். ஏஸ்1 என்று தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம்.

தொகுப்பிலிருந்து எடுத்த ஸ்ட்ரெய்னை ஜி418 (நீக்கிய ஸ்ட்ரெய்ன்கள் தாங்கும் ஆண்டிபயாடிக்) கலந்த தட்டில் வளர்த்து, பிசிஆர் செய்து நீக்கம் சரியா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல கைகள் மாறி வந்த ஃப்ரீசர் பெட்டிகளில் குழாய் இடம் மாறியிருப்பது புதுமையல்ல.

இரண்டாம் படி: ஊடகம்

என்னைக் கேட்டால் சோதனையில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது.

ஒய்பிடி என்ற வளமான ஊடகத்தில் 1 சதவீதம் ஈஸ்ட் சாறு, 2 சதவீதம் பெப்டோன், 2 சதவீதம் குளுக்கோஸ். ஈஸ்ட் வேகமாக வளரும், 30 டிகிரியில் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஆனால் பெப்டோனில் இருக்கும் பெப்டைடுகளும் அமினோ அமிலங்களும் தாமிரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நீங்கள் 1 மில்லிமோலார் சேர்த்திருப்பீர்கள், செல்லுக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். பெப்டோன் லாட்டுக்கு லாட் மாறும், எனவே அந்தப் பகுதியும் மாறும். புதுப் பாட்டில் திறந்த வாரத்தில் முடிவு மாறினால் வியப்பில்லை.

எஸ்சி எனப்படும் கூட்டு ஊடகத்தில் எல்லாம் எண்ணித் தெரிந்த பொருள்கள்: லிட்டருக்கு 6.7 கிராம் ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ், 2 சதவீதம் குளுக்கோஸ், தேவையான அமினோ அமிலங்கள். நைட்ரஜன் பேஸிலேயே லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் காப்பர் சல்ஃபேட் உண்டு, அது செல்லின் தேவைக்கு. நீங்கள் சேர்க்கப்போகும் அளவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. உலோகச் சோதனைக்கு எஸ்சியையே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்சியிலும் ஹிஸ்டிடின் தாமிரத்தைப் பிடிக்கும், எனவே அமினோ அமிலக் கலவையை ஒரே கம்பெனி, ஒரே செய்முறையில் கடைசிவரை கொண்டுபோங்கள்.

அமில காரத்தன்மையையும் எழுதிவையுங்கள். எஸ்சி சாதாரணமாகவே அமிலத்தன்மை கொண்டது. அதைக் காரப் பக்கம் சரிசெய்தால் தாமிரம் ஹைட்ராக்சைடாகப் படியத் தொடங்கும். பிறகு தட்டில் இருக்கும் தாமிரம் கரைசலில் இருக்காது. ஈயம் வைத்துச் செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை: ஊடகத்தில் உள்ள பாஸ்பேட்டும் சல்ஃபேட்டும் ஈயத்தைக் கரையாத உப்பாக்கிக் கீழே தள்ளிவிடும். "ஈஸ்ட் ஈயத்தை நன்றாகத் தாங்குகிறது" என்று எழுதுவதற்கு முன் ஊடகத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: தாமிரக் கரைசல்

பாட்டில் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீலப் படிகமாக வருவது ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த காப்பர் சல்ஃபேட், மூலக்கூறு எடை 249.7. வெளிறிய தூளாக வருவது நீரற்றது, 159.6. ஒன்றின் எடையை மற்றொன்றுக்குப் போட்டால் கணக்கு ஒன்றரை மடங்கு தப்பும்.

100 மில்லிமோலார் இருப்புக் கரைசலுக்கு 2.5 கிராம் நீலப் படிகத்தை 100 மில்லிலிட்டர் தூய நீரில் கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மூடிய பாட்டிலில் வையுங்கள். தெளிந்த நீலமாக இருக்க வேண்டும். கலங்கலாகவோ பச்சை வெண்மையாகவோ அடியில் ஏதாவது தெரிந்தால் அந்த நீர் சரியில்லை, மறுபடி செய்யுங்கள். கையுறை, கண்ணாடி இரண்டும் அவசியம். துத்தத் தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

இதை ஊடகத்தோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வைக்க வேண்டாம். அந்தச் சூட்டில் பாஸ்பேட்டோடும் மற்றவற்றோடும் சேர்ந்து ஒரு பகுதி படிந்துவிடலாம். அகார் ஊடகத்தைத் தனியாகக் கிருமி நீக்கி, 55 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகு சேர்த்து, நுரை வராமல் சுழற்றிக் கலக்கி, உடனே ஊற்றுங்கள்.

200 மில்லிலிட்டர் ஊடகத்துக்குக் கணக்கு இப்படி: 0.1 மில்லிமோலாருக்கு இருப்புக் கரைசல் 0.2 மில்லிலிட்டர், 0.25-க்கு 0.5, 0.5-க்கு 1, 1-க்கு 2 மில்லிலிட்டர். தட்டுக்கு 25 மில்லிலிட்டர் ஊற்றினால் ஒரு தொகுதிக்கு எட்டுத் தட்டுகள். எல்லாத் தட்டிலும் ஒரே அளவு ஊற்றுங்கள். மெல்லிய தட்டு விரைவில் காய்ந்து உலோகம் செறிவாகிவிடும். ஊற்றிய தேதியை அடியில் எழுதி, ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது.

முதல் தடவை ஆறு அளவுகள் போதும்: 0, 0.05, 0.1, 0.25, 0.5, 1 மில்லிமோலார். இவை உங்கள் ஸ்ட்ரெய்னுக்குச் சரியாக அமையாவிட்டால் மேலே 2 வரையோ கீழேயோ நகர்த்திக்கொள்ளுங்கள். தேடுவது ஒரே ஒரு அளவை: சாதாரண ஸ்ட்ரெய்ன் ஏறக்குறைய நன்றாக வளர வேண்டும், ஏஸ்1 நீக்கியது நின்றுபோக வேண்டும். அந்த அளவு கிடைத்தால் அதற்குப் பிறகு உங்கள் கேள்விக்கான ஸ்ட்ரெய்ன்களை அதில் வைத்துப் பார்க்கலாம்.

நான்காம் படி: செல்களைத் தயார்செய்தல்

ஒரு காலனியை 5 மில்லிலிட்டர் எஸ்சியில் போட்டு 30 டிகிரியில் ஷேக்கரில் இரவு முழுக்க வளருங்கள். காலையில் வளர்ச்சி நின்ற நிலையில் இருக்கும் அந்தச் செல்களை நேராகப் புள்ளியிட வேண்டாம். வளர்ச்சி நின்ற ஈஸ்ட் பலவகை அழுத்தங்களைத் தாங்கும் நிலைக்கு ஏற்கெனவே மாறியிருக்கும். நீங்கள் பார்க்க விரும்பும் வித்தியாசம் அதில் மறைந்துபோகும்.

600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி பாருங்கள். செல் அடர்த்தி கூடினால் கருவி நேர்கோட்டில் காட்டாது என்பதால் பத்து மடங்கு நீர்த்துப் படியுங்கள். உதாரணமாக நீர்த்தது 0.6 காட்டினால் உண்மை அளவு 6. அதை 0.2-க்குக் கொண்டுவர, 10 மில்லிலிட்டர் புது ஊடகத்துக்கு 0.33 மில்லிலிட்டர் போதும். நான்கைந்து மணி நேரத்தில் 0.6 முதல் 0.8 வரை வரும். எஸ்சியில் வளர்ச்சி ஒய்பிடியைவிட மெதுவாகவே இருக்கும், பொறுமையாக இருங்கள். ஒரு ஸ்ட்ரெய்ன் மெதுவாக வளர்ந்தால் அதற்காகக் காத்திருங்கள். எல்லாம் ஒரே கட்டத்தில் இருப்பதுதான் முக்கியம்.

அடுத்து, ஒளியடர்த்தி 1 கொண்ட 1 மில்லிலிட்டர் வேண்டும். 0.7 இருந்தால் 1.43 மில்லிலிட்டர் எடுத்து, மெதுவாகச் சுழற்றி, மேல்நீரைக் கொட்டி, கிருமி நீக்கிய நீரில் இரண்டு முறை கழுவி, 1 மில்லிலிட்டர் நீரில் கலக்குங்கள். கழுவாவிட்டால் பழைய ஊடகம் கொஞ்சம் புள்ளியோடு போய்ச் சேரும். ஒளியடர்த்தி 1 என்றால் மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய ஒன்று முதல் மூன்று கோடி செல்கள். 5 மைக்ரோலிட்டர் புள்ளியில் ஒரு லட்சம் அளவுக்கு இருக்கும், பத்து மடங்காக நான்கு முறை நீர்த்த கடைசிப் புள்ளியில் பத்து சொச்சம்.

ஐந்தாம் படி: புள்ளியிடுதல்

96 குழித் தட்டில் முதல் குழியில் கலவை, அடுத்த நான்கில் 90 மைக்ரோலிட்டர் நீர். 10 மைக்ரோலிட்டர் எடுத்து அடுத்ததில் கலக்கி, அதிலிருந்து 10 எடுத்து அடுத்ததில், இப்படிக் கடைசிவரை. ஒவ்வொரு முறையும் டிப் மாற்றுங்கள். ஈஸ்ட் வேகமாக அடியில் படியும். புள்ளியிடும் நொடிக்கு முன் மறுபடி மேலும் கீழும் உறிஞ்சிக் கலக்காவிட்டால் நீர்ப்பு வரிசை பொய்யாகிவிடும்.

தட்டுகளை முன்னதாகவே மூடியைச் சற்றுத் திறந்து ஹுட்டில் காயவைத்திருக்க வேண்டும். ஈரமான அகாரில் புள்ளி விரிந்து பக்கத்துப் புள்ளியோடு கலக்கும். மல்டிசேனல் பிப்பெட்டில் 5 மைக்ரோலிட்டர் எடுத்து, டிப் அகாரைக் குத்தாமல் துளியை மட்டும் தொட வையுங்கள். எல்லா ஸ்ட்ரெய்ன்களையும் ஒரே தட்டில் வையுங்கள். சாதாரண ஸ்ட்ரெய்னை ஒரு தட்டிலும் மாற்று ஸ்ட்ரெய்னை இன்னொரு தட்டிலும் வைத்து ஒப்பிடுவது ஒப்பீடே இல்லை. நீர் முழுக்க உறிஞ்சப்பட்ட பிறகுதான் கவிழ்த்து 30 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள்.

48 மணி நேரத்தில் ஒரு படம், 72-இல் ஒரு படம். இருண்ட பின்னணி, ஒரே உயரம், ஒரே வெளிச்சம். தாமிரம் இல்லாத தட்டையும் அதே நாளில் படம் எடுங்கள்.

தட்டைப் படிப்பது

முதலில் தாமிரம் இல்லாத தட்டைப் பாருங்கள். அங்கேயே ஒரு ஸ்ட்ரெய்ன் பின்தங்கியிருந்தால், தாமிரத் தட்டில் அது பின்தங்குவதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. இரண்டு தட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தின் வித்தியாசம்தான் உங்கள் முடிவு.

அடுத்து, காலனிகளின் எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியாகப் பாருங்கள். பலர் இரண்டையும் சேர்த்து "வளர்ச்சி குறைந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். கடைசிப் புள்ளியில் கட்டுப்பாட்டுத் தட்டில் இருந்த அளவு காலனிகள் இருக்கின்றன, ஆனால் ஊசிமுனை அளவுக்கு என்றால், செல்கள் சாகவில்லை, மெதுவாகப் பெருகுகின்றன. இரண்டே காலனிகள் இருக்கின்றன, அவை பெரிதாக இருக்கின்றன என்றால் கதை வேறு: பெரும்பாலானவை எழவே இல்லை, எழுந்தவை தாக்குப்பிடித்துவிட்டன. அந்தப் பெரிய காலனிகளைக் குச்சியில் எடுத்து, தாமிரம் இல்லாத தட்டில் சில தலைமுறை வளர்த்துவிட்டு மறுபடி தாமிரத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் தாங்கினால் மரபணு மாற்றம் நடந்திருக்கலாம். கப்1 பிரதிகள் கூடியிருக்கின்றனவா என்று பார்ப்பது அங்கே நல்ல அடுத்த கேள்வி. தாங்காவிட்டால் அது தற்காலிகப் பழக்கம்.

செறிந்த முதல் புள்ளி மட்டும் வளர்ந்து, இரண்டாவது புள்ளியிலிருந்து திடீரென்று வெறுமையாக இருப்பதும் அடிக்கடி வரும். ஒரு லட்சம் செல்கள் சேர்ந்திருக்கும்போது அந்த இடத்துத் தாமிரத்தை அவை பங்குபோட்டுக்கொள்கின்றன, செத்த செல்களின் சுவரும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு செல்லுக்கும் வரும் பங்கு குறைவு. தனித்துக் கிடக்கும் செல்லுக்கு அந்த வசதி இல்லை. ஊடகத்தில் எழுதிய எண் ஒன்றுதான், செல் கண்டது இரண்டு வேறு அளவுகள். திரவ ஊடகத்தில் தொடக்க செல் எண்ணிக்கை மாறினால் முடிவு மாறுவதும் இதனால்தான்.

காலனிகள் பழுப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், அழுக்கு என்று தூக்கியெறியவும் வேண்டாம். காப்பர் சல்ஃபைடு படிவதால் வரும் நிறம் அது. எந்த ஸ்ட்ரெய்ன் எந்த அளவில் எவ்வளவு கறுத்தது என்று குறித்துவையுங்கள். பிஒய்4741-இல் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

இது தாமிரத்தால்தானா?

காப்பர் சல்ஃபேட் சேர்க்கும்போது சல்ஃபேட்டும் சேர்கிறது. அதே அளவு சோடியம் சல்ஃபேட் சேர்த்த தட்டு ஒன்று வைத்தால் அந்தச் சந்தேகம் போய்விடும். இதைவிடப் பலமான சான்று, தாமிரத்தைப் பிடுங்கிவிட்டுப் பார்ப்பது. பிசிஎஸ் என்ற சேர்மம் ஒற்றை மின்னேற்றத் தாமிரத்தை மட்டும் தேடிப் பிடிக்கும், ஒரு தாமிரத்துக்கு இரண்டு மூலக்கூறு என்ற கணக்கில். பிடித்தவுடன் ஆரஞ்சு நிறம் வரும், கண்ணாலேயே பார்க்கலாம். அது சேர்த்த தட்டில் ஏஸ்1 நீக்கிய ஸ்ட்ரெய்ன் மீண்டு வளர்ந்தால் விஷயம் முடிந்தது.

மூன்று முறை செய்யுங்கள். ஒரே கலவையை மூன்று தட்டில் புள்ளியிடுவது மூன்று முறை ஆகாது. மூன்று தனிக் காலனிகளிலிருந்து, முடிந்தால் மூன்று தனி நாட்களில், தனியாக ஊற்றிய தட்டுகளில்.

புள்ளிச் சோதனை கைக்கு வந்த பிறகு

அடுத்து எதைச் செய்வது என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. வேகத்தை எண்ணாகச் சொல்ல வேண்டுமானால் 96 குழித் தட்டில் வளர்ச்சி வரைபடம். மரபணு பதில் வேண்டுமானால் கப்1-க்கு ஆர்டி-கியூபிசிஆர் (மரபணுவின் ஆர்என்ஏ எவ்வளவு என்று அளக்கும் முறை). தாமிரம் சேர்த்த 5, 15, 30, 60 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மட்டும் எடுத்தால் எழுச்சியைத் தவறவிட்டு இறங்குமுகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

செல்லுக்குள் எவ்வளவு தாமிரம் போயிற்று என்பதற்கு ஐசிபி-எம்எஸ் கருவி. அனுப்புவதற்கு முன் செல்களை, உலோகத்தைப் பிடித்து இழுக்கும் ஈடிடிஏ கரைசலில் கழுவுவது கட்டாயம். ஈஸ்ட்டின் செல்சுவர் உலோகத்தைக் கணிசமாக ஒட்டிவைத்துக்கொள்ளும். கழுவாமல் அனுப்பினால் வெளியே ஒட்டியதையும் உள்ளே போனதையும் சேர்த்து ஒரு எண் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இன்றும் பல அறிக்கைகளில் இந்தக் குறை இருப்பதைப் பார்க்கிறேன்.

காட்மியத்துக்குப் போவதென்றால்

பாதுகாப்பு ஏற்பாடும் மேற்பார்வையும் இருந்தால் போகலாம். ஆனால் தாமிரத்தில் கற்ற செல் கதையை அப்படியே அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். காட்மியத்துக்கு ஈஸ்ட் கொடுக்கும் பதிலின் மையம் கப்1 அல்ல, குளூட்டாதயோன். மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் சிறு மூலக்கூறின் சிஸ்டீன் கந்தகம் காட்மியத்தைப் பிடிக்கும். இரண்டு குளூட்டாதயோன் ஒரு காட்மியத்தை நடுவில் பிடித்த நிலையில், ஒய்சிஎஃப்1 என்ற கடத்தி அதை வாக்குவோல் என்ற செல்லின் சேமிப்புப் பைக்குள் தள்ளிப் பூட்டிவிடும். மனித உடலில் மருந்துகளை வெளியே தள்ளும் எம்ஆர்பி1 புரதத்துக்கு இது நெருங்கிய உறவு.

இதற்கெல்லாம் நிறையக் கந்தகம் வேண்டும். அதை யார் ஏற்பாடு செய்வது? மெட்4 என்ற கட்டுப்பாட்டுப் புரதம். சாதாரண நாட்களில் மெட்30 என்ற துணைப் புரதம் உள்ள யுபிகுவிட்டின் இயந்திரம் (மற்ற புரதங்களில் யுபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டும் அமைப்பு) அதை அடக்கி வைத்திருக்கும். காட்மியம் வந்ததும் மெட்30 அந்த இயந்திரத்திலிருந்து கழன்றுவிடும், மெட்4 விடுபட்டுக் கந்தகம் சேர்க்கும் மரபணுக்கள் எல்லாவற்றையும் எழுப்பும். செல் இதோடு நிற்பதில்லை. கந்தகம் அதிகம் செலவாகும் சில புரதங்களைச் செய்வதைக் குறைத்து, அதே வேலையைச் செய்யும் கந்தகம் குறைந்த வடிவங்களைச் செய்கிறது. பைருவேட் டிகார்பாக்சிலேஸில் பிடிசி1-க்குப் பதில் பிடிசி6 எழுவது இதற்கு நல்ல உதாரணம். 2002-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பை முதலில் படித்தபோது எனக்கு ஈஸ்ட் மேல் தனி மரியாதையே வந்தது. மிச்சமாகும் கந்தகம் குளூட்டாதயோனுக்குப் போகிறது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? காட்மியத் தட்டில் மெத்தியோனின் என்ற கந்தகம் உள்ள அமினோ அமிலத்தை எவ்வளவு போட்டீர்கள் என்பது முடிவை மாற்றும். மெட்15 இல்லாத ஸ்ட்ரெய்னுக்கு மெத்தியோனின் போடாமல் தீராது. பிஒய்4741-ஐத் தவிர்க்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான். கட்டுப்பாட்டுக்கு ஒய்சிஎஃப்1 நீக்கியது நல்ல தேர்வு. அளவுகளும் தாமிரத்தைவிட மிகக் குறைவு, எஸ்சியில் சில பத்து மைக்ரோமோலாரிலேயே வேலை நடக்கும்.

இன்னொன்று. ஈஸ்ட்டிடம் காட்மியத்தை வெளியேற்றும் பிசிஏ1 என்ற பம்ப் உண்டு, ஆனால் வழக்கமான ஆய்வக ஸ்ட்ரெய்ன்களில் ஒரே ஒரு அமினோ அமில மாற்றத்தால் அது கெட்டுப்போய் இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் ஸ்ட்ரெய்ன்கள் பலவற்றில் அது நன்றாக இருக்கிறது. ஆய்வக ஸ்ட்ரெய்னை வைத்து "ஈஸ்ட் காட்மியத்துக்கு இவ்வளவு மென்மையானது" என்று எழுதினால், எழுதப்படுவது அந்த ஸ்ட்ரெய்னின் ஊனம்.

ஆர்சனிக்குக்குப் பாதை வேறு. ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனைட், கிளிசரால் போகும் எஃப்பிஎஸ்1 என்ற கால்வாய் வழியாக உள்ளே நுழையும், இன்னொரு வடிவமான ஆர்சனேட் பாஸ்பேட் கடத்திகளை ஏமாற்றி நுழையும். வெளியேற்றுவது ஏசிஆர்3 என்ற கடத்தி. ஊடகத்தில் பாஸ்பேட்டைக் கூட்டினால் ஆர்சனேட் நுழைவது குறையும், எனவே அங்கே கவனிக்க வேண்டியது பாஸ்பேட்டின் அளவு.

கழிவு

வேலை முடிந்ததும் தாமிரத் தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்தால் ஈஸ்ட் சாகும், தாமிரம் அப்படியேதான் இருக்கும். கரைசலைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். மீனுக்கும் பாசிக்கும் தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. தாமிரத்துக்கு ஒரு கேன், காட்மியத்துக்குத் தனிக் கேன், மேலே உலோகத்தின் பெயரும் உத்தேச அளவும் தேதியும் எழுதி, நிறுவனத்தின் அபாயக் கழிவுப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். டிப், கையுறை, வடிகட்டி எல்லாம் அதே கேனுக்குப் பக்கத்தில் தனிப் பையில்.